தோற்றால் நமக்கு

சலவைக்கடைக்காரர் அன்று விடிந்ததுமே சாமி படத்தின் முன் போய் நின்றார். தன் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை எந்த ரசிகனுக்கும் வரக்கூடாது. இவருக்கு வந்தது. அதுவும் ரசிகர் சங்கத் தலைவருக்கு!

அவர் தலைவரானதே ஒரு கூத்து. சங்கத்தில் ஆளுக்கொரு கட்சி. யாரோடும் சண்டை போடாத ஒரே மனிதர் என்று இவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அணியின் ஜெர்சிகளைத் துவைப்பவர். மனைவிக்குப் புடவை எடுக்க மறப்பார், கோல்கீப்பரின் கையுறையை வெயிலில் போட்டால் விறைத்துவிடும் என்பதை மட்டும் மறக்க மாட்டார்.

இப்படிச் சிவனே என்று கிடந்தவரின் தலையில்தான் இடி விழுந்தது. கால்பந்து கிளப்பை விற்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். வெளியூர்க் கம்பெனி ஒன்று விலை பேசியது. வாங்கினால் அணியைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விடுவார்களாம். சங்கம் பதறிப்போய், நாமே வாங்கினால் என்ன என்றது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வக்கீலம்மாவைப் பிடித்தார்கள், வங்கிப் படி ஏறி இறங்கினார்கள். விளையாட்டு வினையாகி, தலைவர் தன் கடையையே ஈடாக வைக்கச் சம்மதித்துவிட்டார்.

வக்கீலம்மா நிலைமையைப் புட்டுப்புட்டு வைத்தார். "அந்தக் கம்பெனிக்கு முதல் டிவிஷன்ல ஆடுற அணிதான் வேணும். கடைசி மேட்ச்ல நாம தோத்து ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிட்டா, அவங்க ஒதுங்கிடுவாங்க. கிளப் நமக்குத்தான். டிரா ஆனாக்கூட முதல் டிவிஷன்லயே நின்னுடுவோம், நம்ம கதை முடிஞ்சுது. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

ரசிகர் சங்கத்தில் ரகசியமா? ஓட்டைப் பானையில் தண்ணீர் நின்றாலும் நிற்கும். சாயங்காலத்துக்குள் ஊரே பேசியது.

மேட்ச் அன்று காலை ஜெர்சி மூட்டையை எடுத்துப்போக கோல்கீப்பரே வந்தான். ஊர் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும். கடை வாசலில் குனிந்துதான் நுழைவான். சலவை இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் அவர் காதருகே வந்து நின்றான்.

"அண்ணே, எல்லாம் தெரியும். தோத்தா கிளப் இங்கயே இருக்கும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு பந்து கைய விட்டு நழுவுறது சகஜம்தானே?"

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஜெர்சி வராத கடை கண்முன் வந்தது, காலி மைதானம் வந்தது. "கையுற காஞ்சிடுச்சு, எடுத்துக்கோ" என்றார், அவ்வளவுதான். அவன் கையுறையையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு போனான்.

இஸ்திரி மேசையிலிருந்து மனைவி பாய்ந்தார். "அந்தப் பையன் என்ன கேட்டான், நீங்க என்ன சொன்னீங்க? வாய்ல என்ன, பூட்டா?"

"நான் எதுவும் சொல்லலையே!"

"அதத்தாங்க நானும் கேக்கறேன்!"

மைதானத்தில் இருவரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். நம் அணி முதலில் ஒரு கோல் போட்டது. சுற்றிலும் ஆரவாரம். இவருக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, துக்கப்படவும் முடியவில்லை. இடைவேளைக்குப் பிறகு எதிரணி அடித்த பந்து நெட்டையின் கைக்கடியில் புகுந்து வலைக்குள் போனது. நழுவியதா, நழுவவிட்டானா? சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டானா?

"நானே அவன கெடுத்துட்டேன்" என்றார்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிரணிக்கு பெனால்ட்டி கிடைத்தது. இது உள்ளே போனால் தோல்வி. கம்பெனி விலகும், கிளப் கைக்கு வரும். சங்கத்துக்காரர்கள் திரும்பித் திரும்பி இவரையே பார்த்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் மனசு கேட்காமல் திறந்தார். பந்து வலப்பக்கம் வந்தது. நெட்டை முழு உடம்பையும் வீசி அதைத் தட்டிவிட்டான்.

"சபாஷ்டா!" என்று அலறியபடி முதலில் எழுந்தவர் தலைவர்தான். மனைவி அவர் தோளைப் பிடித்துக் குதித்தார். வக்கீலம்மாகூட நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். விசில் ஊதி, ஆட்டம் டிரா என்று ஆனதும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தலைவர் வழக்கம்போல அழுக்கு ஜெர்சிகளை எடுக்க உடை மாற்றும் அறைக்குப் போனார். நெட்டை தலையைத் தொங்கப்போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த கோல் நெசமாவே நழுவிடுச்சுண்ணே. பெனால்ட்டிய விட்டுடலாம்னுதான் நின்னேன். பந்து வந்ததும் உடம்பு கேக்கல. உங்கள கவுத்துட்டேனா?"

"நீ அத விட்டிருந்தா, நாங்க எதடா வாங்கியிருப்போம்?"

சொல்லிவிட்டு ஜெர்சிகளை அள்ளி மூட்டையாகக் கட்டினார். அடுத்த வருஷம் இந்த ஜெர்சிகளை எந்த ஊரில் யார் துவைப்பார்களோ என்ற நினைப்பு வந்ததும், சேறும் வியர்வையுமாக இருந்த அந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.