பல்லிடுக்கில் ஒரு விசில்

இந்த வருஷம் மாங்காய் வரத்து தொடங்கியிருந்த சமயம். ஒரு சந்தை நாள், காலை பதினோரு மணி இருக்கும். உத்தனப்பள்ளியில் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் மண்தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையில் என் பித்தளை விசில் கிடந்தது. அதன் வாய்ப்பகுதி சப்பையாக நசுங்கியிருந்தது. மேலே நாலு பள்ளம், கீழே மூன்று பள்ளம். எல்லாம் என் பல் பதிந்த இடங்கள். நாலு மாசமாக என்னை ஆட்டிவைத்த தலைச்சுற்றல் இங்கேயிருந்துதான் கிளம்புகிறதோ என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான். அதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு பெண்பிள்ளையைக் கொன்றுவிடப் பார்த்தேன்.

அவசரத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் கணக்கில் விடையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வழியைத் தேடுகிறவன் நான். போகட்டும், முதலிலிருந்து சொல்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். பதில் வரும்வரை வீட்டில் சும்மா உட்கார என்னால் ஆகவில்லை. கண்டக்டர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி. சந்தை நாளில் மட்டும் ஒரு நடை உத்தனப்பள்ளியோடு திரும்பும்.

எங்கள் ரோட்டில் கண்டக்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஏறினால் விசில் வாய்க்குப் போய்விட வேண்டும், இறங்கும்வரை வெளியே வரக்கூடாது. ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கை மேலே கம்பியில். விசிலுக்கு மூன்றாவது கை ஏது? அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறவனை மற்றவர்கள், “என்னாப்பா, தாயத்து கட்டியிருக்கிறியா?” என்று கேலி செய்வார்கள். நான் புதுசு இல்லையா, பழையவர்களைவிட ஒருபடி மேலே போய்விட்டேன். விசிலைக் கடித்தபடியே ‘எங்கே போகணும்’ என்று தமிழில் கேட்பேன், தெலுங்கில் சண்டை போடுவேன், கன்னடத்தில் சமாதானம் செய்வேன். எனக்கு உயரம் அதிகம், வண்டிக் கூரை தாழ்வு. அதனால் நாள் முழுக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நிற்பேன். இதையெல்லாம் ஒரு கஷ்டமாகவே நினைத்ததில்லை. பெருமையாக இருந்தது.

தை மாசத்தில் தலைச்சுற்றல் ஆரம்பித்தது. சூளகிரிப் பக்கத்து மலைகள் ஜன்னலில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று என் காலடிப் பலகையும் அவற்றோடு சேர்ந்து போகும். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். காதோரம் மந்தமாக ஒரு வலி மட்டும் சாயங்காலம்வரை நிற்கும். பித்தம் என்று முடிவு கட்டி எலுமிச்சம்பழச் சாறு குடித்தேன். பிறகு ரத்தம் கம்மி என்று முடிவு கட்டி முருங்கைக்கீரை தின்றேன். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு டானிக் வரவழைத்தேன். அது இனிப்பாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எலுமிச்சம்பழமும் கையுமாக என்னைப் பார்த்த டிரைவர் அண்ணன், “தம்பி, எத்தனாவது மாசம்?” என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்ததோடு சரி, உண்மையைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் அதே வண்டியில் கண்டக்டராக இருந்தவருக்கு ஒருநாள் மத்திகிரி அருகே வலிப்பு வந்திருக்கிறது, படிக்கட்டிலிருந்து விழுந்துவிட்டார். அன்று சாயங்காலமே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த இடம்தான் எனக்குக் கிடைத்தது. எனக்கும் தலை சுற்றுகிறது என்று தெரிந்தால் என் கதி என்ன? அதனால் வாயை மூடிக்கொண்டேன். பயம் கூடக் கூட, எனக்குத் தெரியாமலே விசிலை இன்னும் அழுத்திக் கடித்திருக்கிறேன்.

இனி அந்தச் சந்தை நாள். வண்டியைத் திருப்ப வேண்டும். உத்தனப்பள்ளியில் புளியமரத்துப் பக்கம் ஒரு சந்து உண்டு. அதற்குள் பின்னால் விட்டுத்தான் திருப்புவோம். அப்போதெல்லாம் டிரைவருக்குக் கண் நான்தான். பின்பக்கத்து ஏணியில் ஒரு கால் வைத்துத் தொங்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்து ஊதுவேன். விட்டுவிட்டுக் குட்டையாக ஊதினால் ‘வரலாம் வரலாம்’. நீளமாக ஒரே ஊதல் என்றால் ‘நில்’.

குட்டை ஊதலில் வண்டி மெள்ளப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கோழிக் கூடையோடு சந்தைக்கு வந்திருந்தாள் ஒரு பெண்பிள்ளை. கூடை மூடி திறந்துகொண்டு உள்ளே இருந்த ஒரே கோழி எங்கள் வண்டிக்கடியில் ஓடிவிட்டது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பின்சக்கரத்தை ஒட்டிக் குனிந்தாள். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். நீளமாக ஊத வேண்டும் என்று மனசு சொன்னது.

அந்தச் சமயம் பார்த்துப் புளியமரம் சாய்ந்தது. வானம் ஒரு பக்கமாக வழிந்தது. ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். தாடை இறுகிப்போய் விசில் பல்லுக்குள் சிக்கிக்கொண்டது. எனக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் தானாக ஊதியது. குட்டை குட்டையாக. வரலாம், வரலாம், வரலாம்.

டிரைவர் அண்ணன் என் ஊதலை நம்பி வண்டியை விட்டார்.

சந்தையில் யாரோ “ஆபு! ஆபு!” என்று தெலுங்கில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு பாய், எங்கள் பஸ்ஸில் வாடிக்கையாக வருகிறவர், ஒரு கையால் வண்டித் தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டே இன்னொரு கையால் அந்தப் பெண்பிள்ளையின் தோளைப் பற்றி இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. கூடை சக்கரத்துக்கடியில் போய்விட்டது. மூங்கில் நொறுங்கிய அந்தச் சத்தம் இன்றைக்கும் சில சமயம் காதில் கேட்கிறது. அவள் கை அந்தக் கூடையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

டிரைவர் அண்ணன் குதித்து இறங்கி வந்தார். கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“கண்ணை எங்கடா வெச்சிருந்தே? ஆளு குனிஞ்சு கெடக்குது, வா வான்னு ஊதறியே!”

நான் பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது. விசில் இன்னும் பல்லுக்கு நடுவில். பிடித்து இழுத்தேன், வரவில்லை. பாய் வந்து என்னை ஏணியிலிருந்து இறக்கிவிட்டு, என் கன்னத்தை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கித் தேய்த்து, “மூச்சை விடுப்பா கண்டக்டரே, பல்லைத் தளத்து” என்றார். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. விசில் என் கையில் விழுந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தாடை தளர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் புளியமரம் நேராக நின்றது.

அப்போதுதான் அந்தப் பள்ளங்களைப் பார்த்தேன். பித்தளையை நசுக்குகிற அளவுக்கா கடித்துக்கொண்டிருந்தேன்? மளமளவென்று எல்லாம் ஞாபகம் வந்தது. லீவு நாளில் எனக்கு ஒருதரம்கூடச் சுற்றியதில்லை. அமாவாசைக்கு வண்டி ஷெட்டில் நின்ற நாளில் சுற்றவில்லை. கூட்டம் நெரிகிற நடையில்தான் சுற்றியிருக்கிறது.

அங்கேயே டிரைவர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாசத்துக் கதையையும் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் உன்னை நம்பி வண்டியைப் பின்னால விடறவன்டா” என்று மட்டும் சொன்னார். அடித்திருக்கலாம்.

மறுநாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் முன்னால் விசிலை வைத்து என் கண்டுபிடிப்பை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு வரிசையாகச் சோதித்தார். காது, கண், ரத்த அழுத்தம், ரத்தம். வலிப்புக்கான குறி ஏதாவது உண்டா என்று குடைந்து குடைந்து கேட்டார். எல்லாம் முடிந்தபின் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் விரலை வைத்து அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். பிடரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது கழுத்தா, கருங்கல்லா?” என்றார்.

பல்லை இறுக்குவதும் கழுத்துச் சதை விறைப்பதும் சில பேருக்குத் தலைச்சுற்றலைக் கொடுக்கலாம் என்றார் அவர். உனக்கு அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மற்ற காரணங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான், மறுபடி வந்தால் ஓடி வா என்றார். அதுவரை வாயில் ஒன்றும் வைக்காதே, உதடு மூடியிருக்கட்டும், பல்லும் பல்லும் தொடவேண்டாம், கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வேலைக்கு நான் சொல்லும்வரை போகாதே. இதுதான் வைத்தியம். டானிக்கைப் பற்றிக் கேட்டேன். அதை உனக்கு விற்றவனுக்குக் கொடு என்றார்.

மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். அதற்குள்தான் எனக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் டாக்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, அதிலேயே நினைவு வரும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதினேன். விசிலே இல்லாதபோதும் கடித்துக்கொண்டிருந்தேன்! பேப்பர் படிக்கும்போது, செருப்பு வார் மாட்டும்போது, முதலாளியை நினைக்கும்போது. பாவம், விசிலை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? முதல் ஆள் நான், அது இரண்டாவது ஆள். பல்லை விலக்க விலக்கக் காதோர வலி குறைந்தது. அந்த மூன்று வாரத்தில் லேசாக இரண்டே தரம் சுற்றியது. பிறகு இல்லை.

புதுக் கூடை ஒன்று வாங்கிக்கொண்டு அந்தப் பெண்பிள்ளையைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தைகளை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். தலைச்சுற்றல், தாடை, கழுத்து என்று நான் அவளுக்குப் பாடமே எடுத்துவிட்டேன். அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அதெல்லாம் சரி சாமி. தல சுத்துதுன்னு அன்னிக்கே உங்க டிரைவருகிட்ட சொல்லியிருந்தா, வேற யாராச்சும் நின்னு ஊதியிருப்பாங்க இல்ல?”

ஆஸ்பத்திரியில் கேட்டதெல்லாம் நோட்டில் இருக்கிறது. இதை நோட்டில் எழுத வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் போன வாரம் வேலைக்குப் போகலாம் என்று எனக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். வரும் திங்கட்கிழமை அதோடு முதலாளியைப் பார்க்கப் போகிறேன். டிரைவர் அண்ணனும் கூட வருகிறார். வண்டி முழுக்க ஒரு கயிறு ஓடவிட்டு டிரைவர் தலைக்குமேல் ஒரு மணி கட்டலாம், பின்னால் விடும்போது கண்டக்டர் தரையில் நின்று கையால் தகரத்தைத் தட்டலாம் என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன். முதலாளி சிரிக்கலாம். என்னை அனுப்பியும் விடலாம். எப்படியானாலும் அங்கிருந்து நேராக ஓசூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், மற்ற கண்டக்டர்களிடம் தங்கள் விசிலை ஒருதரம் வெளிச்சத்தில் பார்க்கவும் கழுத்தில் தொங்கவிடவும் சொல்லப்போகிறேன். தாயத்து என்று கேலி செய்வார்கள். செய்யட்டும், அதில் ஒருவனாவது கொஞ்சம் தள்ளி வந்து, எனக்கும் சுற்றுகிறது என்று மெதுவாகச் சொல்வான் என்று நம்புகிறேன்.

வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேச மாட்டேன், எனக்கு இந்த வேலை வேண்டும். ஆனால் ‘எனக்கு முடியவில்லை’ என்ற ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு இனி எந்த மனுஷருக்கும் ‘வரலாம்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.