வாய்விட்டு அடித்த பாஸ்வேர்டு

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். டைப்ரைட்டிங் வகுப்பில் பழகியதால், எதை அடித்தாலும் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே அடிப்பேன். மாணவர்கள் எதிரில் பாஸ்வேர்டையும் அப்படித்தான். பள்ளியின் மார்க்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் நான்தான்; அந்தப் பாஸ்வேர்டைப் போட்டால் லேபிலிருந்தே எல்லா மார்க்கையும் திறந்து மாற்றலாம்.

அரையாண்டு ரேங்க் கார்டு கொடுத்த அன்று பிளஸ் ஒன் மாணவி செல்வி அழுதாள்.

"மிஸ், கணக்குல நான் ஃபெயிலாக மாட்டேன் மிஸ்."

விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்க்க எனக்குச் சோம்பல். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று விரட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

மாசி மாதம் அவள் வகுப்புப் பையன்கள் இருவர் பயந்துபோய் வந்தார்கள்.

"வெளையாட்டாதான் அவ மார்க்க மாத்துனோம் மிஸ். நீங்க பாஸ்வேர்ட சொல்லிக்கிட்டே அடிப்பீங்கல்ல, அதக் கேட்டுத்தான்..."

கட்டைப் பிரித்தேன். எண்பத்தொன்பது வாங்கியிருந்தாள். விடைத்தாளோடு அவள் ஊரான குன்னத்துக்கு ஓடினேன். செல்வியின் அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"ஃபெயிலான புள்ளைய எதுக்குப் படிக்க வைக்கணும்னு தை மாசமே கட்டிக் குடுத்துட்டோங்க டீச்சர்."

இப்போது வாயை மூடிக்கொண்டுதான் பாஸ்வேர்டு அடிக்கிறேன். மார்க் தப்பு என்று எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் முதலில் விடைத்தாள் கட்டைப் பிரிக்கிறேன். பெரும்பாலும் மார்க் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பிரிக்கிறேன்.