செவப்பு எங்கே போச்சு

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பால் திரிந்தால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். அவள் இன்னொரு டம்ளர் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எதுவானாலும், "இன்னொரு வாட்டி பண்ணிப் பாக்கலாம்" என்பாள்.

அண்ணி பெயர் காந்திமதி. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்று தெருப் பிள்ளைகள் எங்கள் சமையலறையில்தான் இருப்பார்கள். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும், ஊற வைத்த மல்லாட்டைக் கடலை முளைவிடும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான், அதுவும் வேதியியல். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதும் பதில் என் வாய்க்கு வந்துவிடும். அண்ணி கண்ணாலேயே தடுப்பாள். அவளுக்குப் பல பதில்கள் தெரியாது. தெரியாதது அவளுக்கு ஏன் கூச்சமாக இல்லை என்று நான் யோசித்திருக்கிறேன்.

எதிர்வீட்டு லட்சுமியம்மாள் மகனுக்குப் போன வைகாசியில் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் வீடு வந்து சேர்ந்தார்கள். வழக்கம்போல ஆரத்தி கரைத்து வைத்திருந்தது அண்ணிதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர, தட்டு ரத்தச் சிவப்பாக இருந்தது. அதை எடுக்க அவள் திரும்புவதற்குள், அவள் மகள் தன்ஷிகா கார் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைத் தட்டில் பிழிந்துவிட்டாள். முந்தின ஞாயிறு டம்ளரில் செய்த வேலை. அவ்வளவு பேர் முன்னாலும் சிவப்பு கரைந்து மஞ்சளானது.

"மொத நாளே செவப்பு போச்சே" என்றாள் லட்சுமியம்மாள்.

நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம் என்றேன்.

"காரமா? மொளகாத்தூள் வேற போட்டீங்களா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துத் தட்டில் கரைத்தாள். சிவப்பு திரும்பியது. "செவப்பு எங்கயும் போகல அத்தை. உள்ளயேதான் இருந்துது, பாருங்க."

லட்சுமியம்மாள் பார்க்கவில்லை. "உன் பொண்ணு வெளயாட என் வூட்டு வாசல்தான் கெடைச்சுதா?" என்றாள். வேறொருத்தி புதிதாகக் கரைத்து எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு தெருவில் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தன்ஷிகா டம்ளரைக்கூடத் தொடவில்லை. "நான் தொட்டா கெட்டது நடக்குமா அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். அண்ணி அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் ஞாயிறு காலையானால் சமையல் மேடையைத் துடைத்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எதை நம்பி அதைச் செய்தாள் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஆடிக்கு முந்தின ஞாயிறு, கையில் சுண்ணாம்பு டப்பாவோடு வந்து நின்றது அந்தப் புதுப்பெண் கலைப்பிரியாதான். "அன்னிக்கு நான் தலைய குனிஞ்சிக்கினு இருந்தேன்க்கா, சரியா பாக்கல. இன்னொரு வாட்டி பண்ணிக் காட்டச் சொல்லுங்க" என்று தன்ஷிகாவைப் பார்த்தாள்.

தன்ஷிகா தன் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். சிவப்பு போனது, வந்தது, மறுபடி போனது. சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். மருமகளைத் தேடி வந்த லட்சுமியம்மாள் கதவருகே நின்று, ஒரு முழுச் சுற்றும் பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். என் வூட்டுக்கு நீ ஒரு செவப்பு ஆரத்தி பாக்கி வெச்சிக்கினு இருக்கற, காந்திமதி."

"குடுத்துர்றேன் அத்தை. உங்க மருமக பாப்பாவத் தூக்கிக்கினு வரும்போது நானே கரைக்கிறேன்."

"எலுமிச்சம்பழத்த நான் ஒளிச்சி வெச்சிட்டுத்தான் உன்ன கூப்பிடுவேன்."

கலைப்பிரியா இப்போது பிரசவத்துக்காக மயிலத்தில், அம்மா வீட்டில் இருக்கிறாள். அந்த ஆரத்தி இன்னும் பாக்கி.