கைக்குட்டையில் வந்த அப்பம்

மகனின் பள்ளிக்கூட விண்ணப்பத்தை மூன்றாவது தடவையாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ‘சமயம்’ என்ற கட்டத்தில் எழுதுகிறேன், பிழையோ என்று அழிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். எனக்குப் பத்து வயதானபோது இதே கட்டம் எங்கள் வீட்டை ஒரு வருடம் ஆட்டிவைத்தது.

அப்போது லண்டனில், மோர்டனில் இருந்தோம். கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் என்னைச் சேர்ப்பது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நாங்கள் சைவம். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசைக்கு வருகிறாள் என்று அங்குள்ள சுவாமியார் கையெழுத்து வைத்தால் மற்றச் சமயப் பிள்ளைகளுக்கும் சில இடங்கள் உண்டு என்று சொன்னவர், பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் அன்ரி. அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் நேர்ஸ். மீன் உலர்த்திப் பிழைத்த வீட்டில் பிறந்த தன்னை லண்டன்வரை கொண்டுவந்து சேர்த்தது ஊரிலிருந்த சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடம்தான் என்பார். பொய் சொன்னால், அதைச் சுவாமியாரிடம் ஒப்புக்கொள்ளும்வரை பூசையில் கொடுக்கும் அப்பத்தை வாங்கக்கூடாது என்று அவர்கள் பழக்கியதையும் பெருமையாகவே சொல்வார். அப்பா உருகிப்போவார்.

ஆக, ஞாயிறுதோறும் நான் அன்ரியுடன். அம்மா திருநீறு பூசி அனுப்புவார். பஸ் தரிப்பில் அப்பா அதைத் துடைப்பார். வீடு திரும்பியதும் அம்மா தொடங்குவார்.

“பிள்ளையின்ர நெத்தியில கிடந்தது உங்களுக்கு என்ன செய்தது?”

“சுவாமியார் கண்டா கையெழுத்து வைப்பாரே? விசர்க் கதை கதையாதையும்!”

ஒவ்வொரு ஞாயிறும் இதே சண்டை. என் நெற்றித் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

கையெழுத்து வாங்கும் ஞாயிறும் வந்தது. மற்றவர்கள் அப்பம் வாங்கும்போது, அதை வாங்கக்கூடாத வேறு சமயத்தவளான நான் கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு போவது வழக்கம். சுவாமியார் ஆசீர்வதித்து அனுப்புவார். அன்று என் வரிசைக்குக் கொடுத்தவர் என்னை அறியாத ஒரு பெண்மணி. முன்னால் நின்ற பிள்ளை கையை நீட்டியது. கோயிலில் நீட்டிப் பழகிய என் கையும் தானாக நீண்டது. மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. கோயில் பிரசாதத்தைத் தனியே தின்றுவிட்டு வருவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். கைக்குட்டையில் பத்திரமாக மடித்தேன்.

பூசை முடிந்து படிவத்தோடு வாசலில் காத்திருந்த அன்ரியிடம் கைக்குட்டையைத் திறந்து காட்டி, அம்மா அப்பாவுக்கும் சேர்த்து இதை மூன்றாக உடைக்கலாமா என்று கேட்டேன். அன்ரியின் முகம் வெளிறியது.

“ஐயோ பிள்ளை, இது தின்பண்டம் இல்லை. இது ஆண்டவரேதான்!”

அவர் ஆங்கிலத்தில் முணுமுணுத்து முடிக்குமுன் சுவாமியார் வந்துவிட்டார். கைக்குட்டையைக் கண்டார். யார் செய்த வேலை என்றார். அன்ரி என்னைப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

“நான்தான், ஃபாதர். இருமல் வந்தது, விழுங்க முடியவில்லை. பிள்ளையிடம் பிடிக்கக் கொடுத்தேன்.”

சுவாமியார் அப்பத்தைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு, சனங்கள் பார்க்கவே அன்ரியைப் பள்ளிக்கூடப் பிள்ளையை ஏசுவதுபோல ஏசினார். பிறகு கையெழுத்து வைத்தார்.

“உங்களுக்கு இருமல் இல்லையே, அன்ரி?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“வாயை மூடிக்கொண்டு இரு,” என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

அடுத்த ஞாயிறு அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது அன்ரி எழும்பவில்லை. முழங்கால்களை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுத் தலைகுனிந்து இருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கிறிஸ்து பிறந்த நாளான நத்தார்ப் பூசையிலும் அப்படியே. கால் நோகிறதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

மாசி முடிந்து எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை அன்ரி தனியே தேவாலயத்துக்குப் போய்ச் சுவாமியாரைக் கண்டுவந்தார். மறுநாள் பூசையில் முதல் ஆளாக எழும்பி முன்னால் நடந்தார்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து, அன்ரிக்கு முழங்கால் சுகமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.