பெட்டிக்குள் என் புருஷன்

என் கணவரின் தோள்பட்டை எலும்பை உடைத்தது நான்தான். அடித்து உடைக்கவில்லை. அவருக்கு விபத்து எதுவும் வந்துவிடக் கூடாது என்று திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தேன், அதிலேயே வழுக்கி விழுந்தார். இதை எப்படி எழுதினாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும் என்பது மருத்துவமனையில் உட்கார்ந்து விபத்துப் படிவத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது.

அப்போது நாங்கள் ஆக்லாந்தில் பக்குரங்காவில் குடியிருந்தோம். ஊரின் இன்னொரு கோடியில், வெஸ்ட்கேட் பக்கம், மண்ணை வெட்டிக் கடை கடையாகத் திறந்துகொண்டிருந்த வருடங்கள். அவருக்குப் பென்ரோஸில் ஒரு கிடங்கில் வேலை. பிரான்சிலிருந்து வைன் பெட்டிகள் வந்து இறங்கும் கிடங்கு. மனுஷன் வைன் ஒரு சொட்டு தொடமாட்டார், நெஞ்செரிச்சல். ஆனால் அந்தப் பெட்டிகளோடு வந்த ஒரு காலண்டர் படத்தில் மயங்கிப் போனார். இரண்டு பக்கமும் மரம், நடுவில் அசையாத வாய்க்கால், ஓரத்தில் ஒரு சைக்கிள் பாதை, தூரத்தில் திராட்சைத் தோட்டம். வருடம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்க விடவில்லை. "உந்த வாய்க்கால் கரையில ஒருக்கா சைக்கிள் ஓடோணும்" என்று பதினொரு வருடம் என் காதில் ஓதினார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் வளர்ந்தவர். கல்யாண வீடு, செத்த வீடு, பரீட்சை எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நான் மதுரைக்காரி. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து வரத்தான் தெரியும், அதையும் நன்றாகவே செய்வேன்.

அந்த வருடம் கண் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கவாட்டில் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது. கார் ஓட்டுவதை இப்போதே நிறுத்த வேண்டும். சைக்கிளா? நடமாட்டம் குறைந்த நேர்பாதையில் இந்த வருடம் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம், அடுத்த வருடம் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றார். வீட்டு வாசலில் கார் நின்றதும் இவர், "செப்ரெம்பருக்கு ரிக்கெற் போடும்" என்றார். போட்டேன்.

இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிளில் போவது என்று முடிவு. பிரான்சில் வாடகைக்குப் பதிவு செய்தோம். பழகிப் பார்க்க இங்கேயும் பழசாக ஒன்று வாங்கினார். வண்டி என்று ஒன்று வாசலுக்கு வந்துவிட்டால் பூஜை போடாமல் என்னால் இருக்க முடியாது. அது சைக்கிளானால் என்ன, கப்பலானால் என்ன? அதுவும் கண் சரியில்லாத மனுஷன் ஏறப்போகிற வண்டி.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சந்தனம், குங்குமம் இட்டேன். அவர் நெற்றியிலும் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. வெண்பூசணி கிடைக்கவில்லை, பக்கத்துக் கடையில் சாம்பல் நிறத் தோலோடு இந்த ஊர்ப் பரங்கிப் பூசணிதான் இருந்தது. அதைச் சமைத்தவர்களுக்குத் தெரியும், அது காயே கிடையாது, பாறை. துளை போட்டுக் குங்குமம் அடைப்பதற்கே அவருடைய துளைபோடும் மெஷின் தேவைப்பட்டது. சுற்றி, கற்பூரம் கொளுத்தி, ஓங்கித் தரையில் போட்டேன். உடையவில்லை. துள்ளியது. இரண்டாவது தடவை போட்டேன், உருண்டு போய்ப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவரின் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்து வந்து, உள்ளேயிருந்து சிவப்பாகக் கொட்டுவதைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார். எல்லாம் சரி, நன்றி என்று சொல்லிவிட்டு, சுத்தியலால் நாலு போடு போட்டேன். அப்போதுதான் உடைந்தது.

"உமக்கு விசரே? ஆரையோ கொல்லுற மாதிரி அடிக்கிறீர்!" என்று சிரித்துக்கொண்டே இவர் சைக்கிளில் ஏறினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வீட்டுப் பாதையின் சரிவில் இறங்கி, அழகாக வளைந்து திரும்பி, நேராகப் பூசணித் துண்டின் மேல் ஏற்றினார். அது அவருடைய பார்வைக்கு வெளியே கிடந்திருக்கிறது. அந்த மூலையில் துண்டு கிடப்பதை நானாவது பார்த்திருக்க வேண்டும். நான் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், தரையெல்லாம் சிவப்பு, நெற்றியிலும் சிவப்பு என்றதும் தலையில்தான் அடி என்று முடிவுகட்டிவிட்டார். பொட்டைத் துடைத்துத் துடைத்துக் காயத்தைத் தேடினார். இவரோ தோளைப் பிடித்துக்கொண்டு, "அது சாமி, அது சாமி" என்று கத்தினார். வெளியே ஓடி வந்த மகள், "அம்மா, சீரியஸ்லி? எ பம்ப்கின்?" என்று கேட்டாள்.

படிவத்தில் விபத்து எப்படி நேர்ந்தது என்று கேட்டிருந்தது. விபத்து வராமலிருக்கச் செய்த சடங்கின்போது பூசணிக்காயில் வழுக்கி விழுந்தார் என்று எழுதினேன். நர்ஸ் இரண்டு தடவை வாசித்தார். விளையாட்டின்போதா, வீட்டு வேலையின்போதா என்று ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வீட்டு வேலை என்று குறித்தேன்.

இடது தோள்பட்டை எலும்பு. ஆறேழு வாரம் கை தூளியில் தொங்கவேண்டும். பயணத்துக்கு மூன்றே வாரம். அடுத்த வருடம் போகலாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம், ஏனென்றால் அவருக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன், எலும்பை உடைத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? "திட்டுங்களேன்!" என்று நானே ஒருநாள் கத்தினேன். "பேசாமல் பெட்டியை அடுக்கும்" என்றார்.

சாதம் வைக்கும் குக்கர், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி சகிதம் போய் இறங்கினோம். வாய்க்கால் ஓரத்துக் கிராமத்தில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்த அம்மாள் இவருடைய தூளியைப் பார்த்தார். பதிவு செய்த நீள சைக்கிளைப் பார்த்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அவர் பேசிய பிரெஞ்சு எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் மாட்டேன் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். நான் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் பதறிப் போய், கொட்டகைக்குள் நுழைந்து, ஒரு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றுக்கு மேல் மரப்பெட்டி, பின்னால் சீட்டும் பெடலும். அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளும் மற்ற நாளில் பேரப்பிள்ளைகளும் ஏறுகிற பெட்டியாம். இவரைப் பார்த்தார், பெட்டியைக் காட்டினார். என்னைப் பார்த்தார், சீட்டைக் காட்டினார்.

"நான் என்ன மரக்கறியே, பெட்டிக்குள்ள ஏத்த?" என்று இவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏறுங்க."

"உமக்கு ஓடத் தெரியாது."

"மூணு சக்கரம், எங்க விழப்போகுது? ஏறுங்கங்கிறேன்!"

ஏறினார். முழங்காலை மடக்கிக்கொண்டு, மடியில் குக்கரோடு. ஐம்பத்தாறு வயதில், மதுரையில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற ஒரே தைரியத்தில் நான் முதன்முதலாகப் பெடலை மிதித்தேன்.

நாலு நாள் இப்படிப் போனோம். திராட்சைத் தோட்டம் என்றால் படத்தில் தட்டையாகத் தெரியும். அத்தனையும் மேடு. மேட்டில் என்னால் மிதிக்க முடியாது, இவர் இறங்கி நடப்பார், நான் வெறும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். இறக்கத்தில் ஏறிக்கொள்வார். ஏறியதும் அதிகாரம்: "கியரை மாத்தும்! பிறேக்கை மெல்லமாப் பிடியும்! உப்பிடியே ஓடுறது?" வாயை மூடிட்டு உக்காருங்க, இல்லை இப்பவே கவுத்துடுவேன் என்று நானும் கத்துவேன். கொடிகளுக்கு நடுவே பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து கைதட்டினார்கள். ஒரு கிழவர் ஓடி வந்து பெட்டிக்குள் இரண்டு குலை கறுப்புத் திராட்சையைப் போட்டுவிட்டுப் போனார். இவர் நல்ல கையை உயர்த்தி எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார், வீதியுலா வருகிற உற்சவர் மாதிரி. பல்லக்குத் தூக்குகிறவரின் முதுகுவலி உற்சவருக்கு எங்கே தெரியப்போகிறது?

மூன்றாம் நாள்தான் அந்தக் காலண்டர் மாதிரியே ஒரு இடம் வந்தது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றைத் தாண்டியதும் வாய்க்கால் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. வழியெல்லாம் சத்தம் போட்டு வந்தவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் குனிந்து, "ஓரமெல்லாம் தெரியுதாங்க?" என்று கேட்டேன்.

"ஓரம் தேவையில்லை. இது எனக்கெண்டே வெட்டின வாய்க்கால். நேர பாத்தால் போதும்" என்றார். நான் மூக்கைச் சிந்திவிட்டு மிதித்தேன்.

நாலாம் நாள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். காலையில் அதே பாதையில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னார்.

"நான் ஒருக்கா ஓடிப் பாக்கட்டே?"

"ஒத்தைக் கையிலயா? போதும் உங்க கூத்து."

"பிறேக் வலப் பக்கம்தான். என்ர வலக்கை நல்லாத்தானே இருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீர் முன்னால இருந்து சொல்லும். நான் ஓடுறன்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவர் அதற்குள் சீட்டை உயர்த்திக்கொண்டிருந்தார். நான் புடவையை, ஆமாம், புடவைதான், நனைந்த சுடிதார் காயவில்லை, இழுத்துச் சொருகிக்கொண்டு பெட்டிக்குள் ஏறினேன். குக்கர் என் மடிக்கு வந்தது.

"வலது பக்கம் தண்ணி. அந்தப் பக்கம் போகாதீங்க. இடது கொஞ்சம். நேரா. நேரா. வேர் வருது, மெதுவா." நான் பஸ் கண்டக்டராகக் கத்திக்கொண்டே இருந்தேன். அவர் மிதித்தார். நான் நாலு நாளாக எங்கே மிதித்தேன்? அது வேறு, இது வேறு. வண்டி பறந்தது. பின்னாலிருந்து அவர் ஏதோ பழைய மெட்டைச் சீட்டியடித்தார். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை. திரும்பி முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, என் வேலை முன்னால் பார்ப்பது.

இடது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண், பின்சீட்டில் குழந்தையோடு, சைக்கிளில் பாதைக்கு ஏறினாள். நான் பார்த்தபோது கைக்கெட்டும் தூரம். "நிறுத்துங்க!" என்று அலறினேன். பிரேக் கிறீச்சிட்டது. குக்கர் மூடி பறந்து போய் வாய்க்காலில் விழுந்தது. அந்தப் பெண் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"நீர் காணேல்லை எண்டு சொல்லாதையும்" என்றார். "அந்தப் பிள்ளையை நான் காணவே இல்லை."

"நான்தாங்க பாக்கல. உங்களைப் பாத்துட்டிருந்தேன். தப்பு என்னோடது. நீங்க ஓட்டுங்க. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் இறங்கினார். ஹாண்டிலைப் பிடித்தபடி நேரே வாய்க்காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, ஒற்றைக் கையால் திருகைத் தளர்த்தி, சீட்டை என் உயரத்துக்கு இறக்கினார். திருகை இறுக்கினார். ஆட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை இறுக்கினார்.

"வாரும், இருந்து பாரும்," என்றார். "இனி நீர்தான் ஓடோணும்."