மருந்துக்குத் தப்பிய வண்டுகள்

சாலைக் கடைத்தெருவின் அரிசிக் கிடங்குகளில் வண்டுக்கு மருந்து வைப்பதுதான் பீர்முகம்மதுவின் பிழைப்பு. மூட்டைகளுக்கு அடியில் விஷவாயு கிளப்பும் வில்லைகளை வைத்து, தார்ப்பாயால் இறுக்கி மூடிவிட்டு வருவார். முன்பெல்லாம் தார்ப்பாயைப் பிரித்தால் செத்த வண்டுகள் உமிபோல் உதிரும். இப்போது பாதிக்கு மேல் சாவகாசமாக ஊர்ந்து போகின்றன.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் ஷமீலாவிடம் காரணம் கேட்டார்.

"சாவாம தப்பினதுதானே வாப்பா முட்டை போடும்? அதுக்க பிள்ளையளும் மருந்தத் தாங்கும். பரிணாமம்னு படிக்கது இதத்தான்."

"அப்பம் தாங்காததயெல்லாம் கொன்னு, இந்தச் சாதிய வளத்துவிட்டதே நான்தானா?"



மருந்து பலிக்கவில்லை என்று கிடங்கு முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். "கதை பறயாதயும். ரெண்டு மடங்கு வையும்" என்றார் அவர். இவர் மாட்டேன் என்றால் வேறொருவன் வைப்பான்.

வைத்தார். தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தார். காலருகே ஒரு வண்டு நிதானமாக நடந்து போனது. தலைமுறை தலைமுறையாக அந்த மருந்துக்குத் தப்பித் தப்பி அதன் சாதி தேறிவிட்டது. அவருக்கு இருந்ததோ, வேலைக்குச் சேர்ந்த அன்று இருந்த அதே நெஞ்சு.