விருந்தாளிக்காக வாரிய வாய்க்கால்

அஞ்சம்மாளுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது வருகிறார்கள் என்றால் போதும், கை சும்மா இருக்காது. மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தவள் அவள். வந்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

ஊரப்பாக்கத்தில் அவள் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிலத்தை மனை போட்டு விற்றாயிற்று. புருஷன் போன பிறகும் அவள் மட்டும் பிடிவாதமாக ஒரு துண்டு நிலத்தில் நெல் நட்டுக்கொண்டிருந்தாள். வயலில் தேங்கும் மழைநீரை வடிக்கும் வாய்க்கால், பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டிப் போகிறது. வம்பு அங்கேதான் வந்தது. குடியிருப்பின் செயலாளர் யக்ஞநாராயணன் எங்கேயோ படித்துவிட்டார்: வயல் வாய்க்கால் சேற்றிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறதாம், பூமி சூடாகிறதாம். வாய்க்காலை மூடச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார். வாயு எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள் பஞ்சாயத்தில். மூடிவிட்டால் ஐப்பசி மழையில் பயிர் அழுகிவிடும். அத்தோடு அவள் விவசாயத்துக்கும் முழுக்குத்தான்.

அளப்பதற்குக் கல்லூரியிலிருந்து ஜெனி என்ற பெண் வருகிறாள் என்று தகவல் வந்தது. அஞ்சம்மாள் விடுவாளா? அன்று காலையிலேயே மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள். பாசி, பிளாஸ்டிக் பை, கறுப்புச் சேறு எல்லாம் கரையேறின. கரையில் கோலம் போடாததுதான் பாக்கி.

ஜெனி ஒரு வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். வாளியிலிருந்து ஒரு குழாய் கருவிக்குப் போனது. அடியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்ப, கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது.

"நான் அப்பவே சொன்னேனே!" என்றார் யக்ஞநாராயணன்.

அஞ்சம்மாள் ஓடி வந்து கருவியை எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, காலைலேர்ந்து வாரிக் கொட்டியும் இப்டி கீது!"

ஜெனி சட்டென்று திரும்பினாள். "எதை வாரினீங்க?"

"சேத்தைத்தான். வூட்டுக்கு வர்ற பொண்ணை நாத்தத்துல நிக்க வெக்கிறதா?"

ஜெனி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "அம்மா, சேத்தைக் கிளறினா உள்ள அடைஞ்சு கிடந்த கேஸ் எல்லாம் ஒரே நேரத்துல வெளிய வந்துடும். இந்த ரீடிங் செல்லாது சார். கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன். அதுவரைக்கும் யாரும் தண்ணியில இறங்கக் கூடாது."

அந்த நாட்களில் அஞ்சம்மாள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒரு தென்னமட்டை விழுந்து வாய்க்காலின் குறுக்கே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. இழுத்தால் நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் முந்தானையை இறுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஜெனி மறுபடி வந்து வாளியைக் கவிழ்த்தாள். எப்போதாவது ஒரு குமிழி. எண் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றது.

"ரொம்பக் கம்மிதான் சார். இதுக்காக மூட வேண்டிய அவசியமே இல்ல."

யக்ஞநாராயணன் குனிந்து கருவியைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். மனுவை நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

அஞ்சம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதே விட்டாள். கண்ணைத் துடைத்ததும் அடுத்த கவலை வந்தது. "அப்ப இனிமே தூர் வாரவே கூடாதாம்மா?"

"தாராளமா வாருங்க, வாரினாத்தான் நல்லது, சேறு போனா கேஸும் கம்மியாகும். அளக்க வர்ற அன்னிக்கு மட்டும் வேணாம்."

ஜெனியின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் அஞ்சம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். மட்டையை இழுத்துக் கரையில் போட்ட பிறகுதான் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.